குனோங் நுவாங்: பெங்காசியிலேயே திரும்பினது சரிதானா?

காஜாங்_நடை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். நேத்து உலு லங்காட் பங்சூன் வழியா குனோங் நுவாங் போனோம். நாங்க ஆறு பேர், கூட மலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி, ஒருத்தர். அனுமதி முன்கூட்டியே எடுத்தாச்சு. உச்சி 1,493 மீட்டர், மலேசியாவிலே சிலாங்கூர் மாநிலத்தோட உயரமான மலைகள்ல ஒண்ணு. நாங்க உச்சியைத் தொடலை. உச்சிக்கு முன்னாடி இருக்கிற பெங்காசி முகடு வரைக்கும் போய்த் திரும்பிட்டோம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே நினைப்புதான், அதனாலதான் இங்கே எழுதறேன்.

காலையிலே ஆறேகாலுக்கு நெத்தி விளக்கோட நடக்க ஆரம்பிச்சோம். லோலோ முகாம் வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர் காட்டுச் சாலை. கல்லும் மேடுமா, வளைஞ்சு வளைஞ்சு, முடியவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் மூங்கில். எட்டரைக்கு லோலோ. ஆத்துல தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. கட்டிக்கிட்டுப் போன நாசி லெமாக்கைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பினோம்.

அதுக்கப்புறம்தான் மலை. லோலோவிலிருந்து பாச்சாட் முகாம் வரைக்கும் சமதளம்னு ஒண்ணு கிடையாது. வேரையே படியாக்கி ஏறணும். முதல் நாள் ராத்திரி பெய்த மழையிலே செம்மண் சோப்பு மாதிரி ஆயிருந்துச்சு. பதினொண்ணேகாலுக்குப் பாச்சாட், பன்னிரண்டு ஐம்பதுக்குப் பெங்காசி. நேரம் போனதுக்குக் காரணம் நாங்கதான், ரெண்டு பேருக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. "ஒரு மணிக்கு உச்சியிலே நிக்கலைன்னா, எங்கே இருக்கோமோ அங்கேயே திரும்பணும்"னு வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார். எதிர்த்தாப்லே நுவாங் உச்சி தெரியுது. மேலே மேகம் கறுத்து, தூரத்திலே ஒரு இடி. திரும்பிட்டோம்.

இருபது நிமிஷத்துலே மழை பிடிச்சுக்கிச்சு. பெங்காசிக்கும் பாச்சாட்டுக்கும் நடுவுல என் அக்கா மகன் வழுக்கி விழுந்தான். பத்தொன்பது வயசு, நல்ல உடம்பு. இறங்கும்போது பக்கத்திலிருந்த ஒரு கட்டையைப் பிடிச்சான். உளுத்துப்போன மரம், கையோட வந்துருச்சு. பத்தடி சறுக்கிப் போய் ஒரு வேர்லே கால் மாட்டி நின்னான். கையை ஊன்றி விழுந்ததாலே வலது மணிக்கட்டுல வலி. அவன் போட்டிருந்தது நானூறு வெள்ளி (ரிங்கிட்) சப்பாத்து (ஷூ), புதுசு. வழிகாட்டி போட்டிருந்தது கறுப்பு அடிடாஸ் கம்போங், அதான் தோட்டத்துல போடற ரப்பர் சப்பாத்து. அவர் ஒருதரம்கூடச் சறுக்கலை.

லோலோவுக்கு அஞ்சு இருபதுக்கு வந்தோம். காலையிலே கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி தேத்தண்ணி நிறத்துல, முட்டிக்கு மேலே. நாற்பது நிமிஷம் காத்திருந்து, தண்ணி இறங்கினதுக்கு அப்புறம் கைகோத்துக் கடந்தோம். வெளியே வரும்போது ஏழே முக்கால், நல்ல இருட்டு.

மூணு விஷயம் கேக்கணும். எந்தச் சப்பாத்து? சறுக்கல்லே எப்படி இறங்கறது? பெங்காசியிலே திரும்பினது சரிதானா? கூட வந்த ரெண்டு பேர் இன்னும் வருத்தத்துலேதான் இருக்காங்க.

செந்தூல்_மூத்தவன் | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, மூணாவது கேள்விக்கு முதல்ல வரேன். நீங்க செஞ்சது ரொம்பச் சரி. பங்சூன் பக்கமிருந்து நான் நுவாங் பதினொரு தடவை ஏறியிருக்கேன். அதுல நாலு தடவை உச்சிக்குப் போகாமலே திரும்பினேன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பெங்காசியிலிருந்து பார்த்தா உச்சி கைக்கெட்டுற தூரம் மாதிரி இருக்கும். ஆனா நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அங்கே இறங்கிட்டு மறுபடி ஏறணும், திரும்பி வரும்போது அதே பள்ளத்துல இன்னொரு இறக்கம், இன்னொரு ஏத்தம். காஞ்ச தரையிலேயே போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஈரத்துல, தொடை பிடிச்ச ரெண்டு பேரோட, ரெண்டு மணி நேரம்னு வச்சுக்குங்க. அப்போ லோலோ ஆத்துக்கு நீங்க வந்திருக்கிறது அஞ்சு இருபதுக்கு இல்லே, ஏழு இருபதுக்கு. நம்ம ஊர்ல சூரியன் இறங்குறது ஏழேகால் போல. காட்டுக்குள்ளே ஆறரைக்கே கண்ணு கட்டிரும். முட்டிக்கு மேலே ஓடுற கலங்கல் தண்ணியை இருட்டுல கடக்கணும்.

நுவாங்ல எனக்குப் பயம் தர்றது உச்சி இல்லே, லோலோ ஆறுதான். கெப்பாலா ஆயேர், அதான் மலையிலிருந்து திடீர்னு இறங்குற வெள்ளம், எப்படி வரும்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேலே மலைத்தலையிலே கொட்டியிருக்கும். அந்த மழை எல்லாம் ஒண்ணாத் திரண்டு ஒரு சுவர் மாதிரி இறங்கி வரும். வர்றதுக்கு முன்னாடி அடையாளம் காட்டும்: தெளிஞ்ச தண்ணி கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், ஆத்துச் சத்தம் கனமாகும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் பையைக்கூட எடுக்காம கரைமேலே ஏறிரணும். நீங்க நாற்பது நிமிஷம் காத்திருந்தீங்க பாருங்க, அந்தப் பொறுமை பல பேருக்கு வராது. தண்ணி இறங்கலைன்னா ராத்திரி முழுக்கக் கரையிலே உக்கார்ந்திருக்கவும் தயாராத்தான் போகணும். அதுக்குத்தான் ஒரு மழைத் துணி, ஒரு காஞ்ச சட்டை, விளக்குக்கு மாத்து பேட்டரி.

பூச்சோங்_புதுசு | திங்கள், காலை 7.12

அண்ணே, வழிகாட்டி கட்டாயமா? நாங்க நாலு கூட்டாளிங்க தனியாப் போகலாம்னு இருந்தோம்.

செந்தூல்_மூத்தவன் | திங்கள், காலை 7.50

தனியாப் போகாதீங்க தம்பி. அது காப்புக்காடு. மாநில வனத்துறை அனுமதி இல்லாம நுழைஞ்சா தண்டம் மட்டும் பிரச்சினை இல்லே, நீங்க உள்ளே இருக்கீங்கன்னே யாருக்கும் தெரியாது. பேர் பதிஞ்சிருந்தா, சாயங்காலம் நீங்க வெளியே வரலைன்னா தேட ஆரம்பிப்பாங்க. மழைக்காலத்துல மலையை மூடியும் வைப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க.

லயத்துப்பேத்தி | திங்கள், மதியம் 1.30

அடிடாஸ் கம்போங்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

என் பாட்டி முப்பது வருஷம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் பால் எடுத்தவங்க. எங்க லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசல்லே ராத்திரியானா அந்தக் கறுப்புச் சப்பாத்து வரிசையாக் கவுத்து வச்சிருக்கும். காலையிலே போடறதுக்கு முன்னாடி பாட்டி அதை ரெண்டு தட்டுத் தட்டுவாங்க, உள்ளே தேள் இருக்கான்னு பாக்க. அஞ்சு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் இருட்டோட இருட்டா மர நிரைக்குப் போயிருவாங்க. எங்க தோட்டம் மேட்டுக்காடு. பனியிலே ஊறின மண், அழுகின இலை, அதுக்கு மேலே ரெண்டு கையிலும் பால் வாளி. விழுந்தா அன்னைய கூலி மண்ணோட போச்சு. அதனாலே அவங்க விழமாட்டாங்க.

அந்தச் சப்பாத்துல ஒரு சூட்சுமமும் இல்லே. முழுக்க ஒரே ரப்பர் வார்ப்பு. கயிறு கிடையாது, தையல் கிடையாது. அடியிலே முளை முளையா இருக்கும். அந்த முளைங்க தள்ளித் தள்ளி இருக்கிறதாலே களிமண் இடுக்குல தங்காம உதிர்ந்துரும். மத்த சப்பாத்துல அடிப்பள்ளமெல்லாம் சேறு ரொம்பி, அஞ்சு நிமிஷத்துல அடிப்பக்கம் வழவழன்னு ஆயிரும். உங்க அக்கா மகன் சப்பாத்தைத் திருப்பிப் பாத்திருந்தீங்கன்னா அப்படித்தான் இருந்திருக்கும். ரப்பர் மெல்லிசா இருக்கிறதாலே கீழே இருக்கிறது வேரா, கல்லா, மண்ணான்னு உள்ளங்காலுக்கே தெரியும். தண்ணி உள்ளே போனாலும் ஊறாது, கொட்டிட்டுப் போட்டுக்கலாம். மளிகைக் கடையிலேயே இருபது வெள்ளிக்குள்ளே கிடைக்கும்.

இறங்கறதைப் பத்திப் பாட்டி சொல்லிக் கொடுத்தது இதுதான்: மலைக்கு முகம் காட்டி நில்லு, இல்லேன்னா தோளைக் காட்டு, முதுகைக் காட்டாதே. ரொம்பச் செங்குத்தா இருந்தா ஏணியிலே இறங்குற மாதிரித் திரும்பி இறங்கணும். அவ்வளவு செங்குத்து இல்லேன்னா பாதத்தைக் குறுக்கே வச்சு, பக்கவாட்டுல, சின்னச் சின்ன அடியா. வேர்மேலே மிதிக்காதே, வேருக்குப் பின்னாடி இருக்கிற மண்ணுல மிதி. ஈர வேர் பட்டை உரிஞ்சு எண்ணெய் தடவின மாதிரி இருக்கும், அதே வேரைப் பாதத்துக்கு முட்டுக்கொடுத்தா அசையாது. இதை அவங்க எனக்கு எட்டு வயசுல சொன்னாங்க. பாட்டி போய் ஒன்பது வருஷமாச்சு. ஒவ்வொரு இறக்கத்துலயும் அவங்க குரல் எனக்குக் கேக்கும்.

ஈப்போ_ஓட்டக்காரன் | திங்கள், மாலை 6.20

அக்கா எழுதினது மனசைத் தொட்டுச்சு. ஆனா ஒண்ணு சொல்லியாகணும், புதுசா வர்றவங்க இதைப் படிச்சுட்டு நேரா கடைக்குப் போயிருவாங்க. அடிடாஸ் கம்போங்ல கணுக்காலுக்குப் பிடிப்பு கிடையாது. உள்ளங்காலுக்கு மெத்தை கிடையாது. லோலோவுக்குப் போற அந்த அஞ்சு கிலோமீட்டர் கல்சாலையிலே, போக வர பத்து, பழக்கமில்லாத காலுக்கு அடி பாதம் வீங்கிரும். ஈரமான பாறை, பாசி படிஞ்ச ஆத்துக்கல் இதுங்கமேலே அந்த முளை நிக்காது. பாட்டிங்க கால் முப்பது வருஷம் பழகின கால். நம்மது ஆபீஸ் கால்.

என்கிட்ட கேட்டா, அடியிலே பள்ளம் ஆழமா, முளைகளுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருக்கிற மலை ஓட்டச் சப்பாத்து எடுங்க. எதை எடுத்தாலும் புதுசா மலைக்குக் கொண்டுபோகாதீங்க. நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போங்க. இறங்கும்போது விரல் முன்னாடி முட்டி முட்டித்தான் நகம் கறுக்குது.

திரும்பினதைப் பத்தி எனக்கு வேற எண்ணம். தெம்பா இருந்த நாலு பேரை மேலே அனுப்பிட்டு, முடியாத ரெண்டு பேரை வழிகாட்டியோட பெங்காசியிலே உக்கார வச்சிருக்கலாம்.

செந்தூல்_மூத்தவன் | திங்கள், இரவு 8.45

தம்பி, சப்பாத்து விஷயத்துல நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். குழுவைப் பிரிக்கிற விஷயத்துல ஒத்துக்கவே மாட்டேன்.

பெங்காசியிலே மழையிலே உக்கார்றதுன்னா என்னன்னு யோசிங்க. நூறு மீட்டர் ஏறினா அரை பாகைக்குக் கொஞ்சம் மேலேயே சூடு குறையும். அடிவாரத்துல முப்பது இருந்தா அங்கே இருபத்திரண்டு, இருபத்திமூணு. நனைஞ்ச சட்டை, முகட்டுக் காத்து, நடக்காத உடம்பு. அரை மணியிலே பல்லு அடிக்க ஆரம்பிக்கும். நம்ம நாட்டுல குளிர்ல உடம்பு விறைக்குமான்னு கேக்கிறவங்களை நான் நேர்ல கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டத் தயார். மேலே போற நாலு பேருக்கு வழிகாட்டி யாரு? அந்தப் பையன் சறுக்கினது உச்சிப் பள்ளத்துல நடந்திருந்தா, அவனைத் தூக்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

பல வருஷத்துக்கு முன்னாடி நான் போன ஒரு குழு அப்படித்தான் பிரிஞ்சுச்சு. ஏற்பாட்டாளர் வேகமா நடக்கிறவங்களோட முன்னாடி போயிட்டார். பின்னாடி வந்த ஒரு பெண் பிரியுற பாதையிலே தப்பான பக்கம் இறங்கிட்டாங்க. மூணு மணி நேரம் தேடினோம். விசில் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடிச்சோம். ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊதுறது, ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி ஆறு. அதை அவங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தாங்க, நின்ன இடத்தைவிட்டு நகரலை. அன்னையிலிருந்து என் குழுவுல ஒரே விதி, கடைசியா வர்றவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

ஈப்போ_ஓட்டக்காரன் | திங்கள், இரவு 9.30

குளிர்ல உக்கார வைக்கிறதை நான் யோசிக்கலை அண்ணே. அந்தக் கருத்தை எடுத்துக்கறேன்.

வார்டு_தாதி | செவ்வாய், காலை 6.05

ராத்திரி வேலை முடிஞ்சு வந்து படிச்சேன். காஜாங் தம்பி, உங்க அக்கா மகனோட கையைப் பத்தி யாரும் கேக்கலை.

கையை ஊன்றி விழுந்தவங்களுக்கு மணிக்கட்டுல ஸ்கேஃபாய்ட்னு ஒரு சின்ன எலும்பு விரிசல் விடலாம். அது முதல் நாள் எக்ஸ்ரேயிலே தெரியாமலே போகும். கட்டைவிரலை நல்லா விரிச்சுப் பாருங்க, அடிப்பக்கம் ரெண்டு தசைநாணுக்கு நடுவுல ஒரு குழி விழும். அந்தக் குழியிலே அமுக்கினா வலிக்குதான்னு பாருங்க. வலிச்சா, வீக்கம் இல்லேன்னாலும், முதல் எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னு சொன்னாலும், கையை அசையாமக் கட்டிவச்சு பத்துப் பதினாலு நாள்ல மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்க. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காம விட்டா ஒட்டாமலே போயிரும். சின்ன வயசுப் பையன், வலது கை.

இன்னொண்ணு, ஆத்துத் தண்ணியைக் குடிச்சீங்களா? எலி மூத்திரம் கலந்த தண்ணியாலே லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், வரும், வெட்டுக்காயம் வழியாவும் போகும். 2010-ல் பகாங் லுபோக் யூவிலே நீரில் மூழ்கினவரைத் தேடப் போனவங்களிலேயே பலருக்குக் காய்ச்சல் வந்து உயிர் போச்சு. அடுத்த ஒரு மாசத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா கிளினிக்கிலே "காட்டு ஆத்துல இறங்கினேன்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா சாதாரண காய்ச்சல்னு பனடோல் கொடுத்து அனுப்பிருவாங்க.

பூச்சோங்_புதுசு | செவ்வாய், காலை 9.15

அக்கா, அட்டை கடிச்சா?

வார்டு_தாதி | செவ்வாய், மாலை 5.40

அட்டையாலே பெரிய ஆபத்து இல்லே தம்பி. பாச்சாட்னாலே மலாய்ல அட்டைதான், அந்த முகாமுக்கு அந்தப் பேர் சும்மா வரலை. பிடிச்சு இழுக்காதீங்க. தலைப்பக்கத்துல நகத்தை நுழைச்சுப் பக்கவாட்டுல தள்ளுங்க, விட்டுரும். அது எச்சில்லே ரத்தத்தை உறைய விடாத பொருள் இருக்கிறதாலே கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி அமுக்கிப் பிடிங்க, போதும். ராத்திரி சொறியாம இருக்கிறதுதான் கஷ்டம்.

லயத்துப்பேத்தி | செவ்வாய், இரவு 10.20

கையாலே எதைப் பிடிக்கிறதுன்னும் சொல்லணும், அந்தப் பையன் விழுந்ததே அதனாலேதானே. பச்சை இலை இருக்கிற உயிர் மரமாப் பாத்து, அடியிலே, வேர் கிட்டப் பிடிக்கணும். பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தட்டு, ஒரு அசைப்பு. உளுத்த மரம்னா சத்தத்துலேயே தெரியும். பிரம்புக்கொடி பக்கம் கை போகவே கூடாது, முள்ளு உள்ளே ஒடிஞ்சு ஒரு வாரம் சீழ் பிடிக்கும். தோட்டக் கையுறை அஞ்சு வெள்ளி, அதைப் போட்டுக்குங்க. முழு எடையும் ஒரே கையிலே போடாதீங்க. ரெண்டு காலும் ஒரு கையும், இல்லேன்னா ரெண்டு கையும் ஒரு காலும், எப்பவும் மூணு பிடி.

காஜாங்_நடை | 12 நாள் கழித்து, இரவு 8.10

எல்லாருக்கும் நன்றி சொல்லணும், முக்கியமா தாதி அக்காவுக்கு.

முதல் நாள் ஒரு கிளினிக்கிலே படம் எடுத்துட்டு, சுளுக்குன்னு சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிட்டாங்க. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அவன் கட்டைவிரல் குழியிலே அமுக்கினேன், துள்ளிட்டான். அன்னைக்கே திரும்பக் கூட்டிக்கிட்டுப் போய்க் கையை அசையாமக் கட்டச் சொன்னோம். இன்னைக்கு மறுபடி படம் எடுத்தாங்க. விரிசல் தெரியுது. விலகலை, அதனாலே அறுவை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். மாவுக்கட்டு போட்டாச்சு, ஆறு வாரத்துக்கு மேலேயே ஆகும்னு சொன்னாங்க. எங்க அக்கா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. அவனுக்கு அடுத்த மாசம் பரீட்சை, இடது கையாலே எழுதிப் பழகிக்கிட்டிருக்கான்.

உச்சி போகலைன்னு வருத்தப்பட்ட ரெண்டு பேர்கிட்டயும் இந்த இழையைக் காட்டினேன். ஒருத்தர் ஒண்ணும் பேசலை. இன்னொருத்தர் லோலோ ஆத்துல கைகோத்து நின்னப்போ யார் கையைப் பிடிச்சிருந்தார்னு ஞாபகம் வச்சிருக்கார். அந்தப் பையனோட இடது கையைத்தான்.

கட்டு பிரிச்சு, கை தேறினதுக்கு அப்புறம் மறுபடி போறோம். அடுத்த வருஷம் ஜூன், ஜூலையிலே, மழை குறைஞ்ச நேரமாப் பாத்து.

செந்தூல்_மூத்தவன் | அதே நாள், இரவு 9.00

நல்ல செய்தி. நேரா நுவாங்குக்குப் போகாதீங்க. முதல்ல குனோங் அங்சி, அடுத்து ரெம்பாவ் பக்கம் குனோங் டத்தோ. டத்தோ 884 மீட்டர்தான், ஆனா கார் நிறுத்தின இடத்துலேயே செங்குத்து ஆரம்பிச்சிரும், முழுக்க வேரு. அதை ரெண்டு மணி நேரத்துல ஏறி, கைநடுக்கம் இல்லாம இறங்கிட்டீங்கன்னா நுவாங்குக்குத் தேதி போடுங்க. தொடை பிடிச்ச ரெண்டு பேரும் வாரத்துல மூணு நாள் வீட்டு மாடிப்படி இறங்கட்டும். ஏறறதைவிட இறங்கறதுதான் தொடையை உடைக்கும்.

காஜாங்_நடை | அதே நாள், இரவு 9.25

சரிங்கண்ணே. லயத்துப்பேத்தி அக்கா, அவன் அந்தக் கறுப்புச் சப்பாத்துதான் வேணும்னு நிக்கிறான். கால் எட்டு. எந்த அளவு வாங்கறது?

லயத்துப்பேத்தி | அதே நாள், இரவு 10.02

ஒன்பது வாங்குங்க, உள்ளே கெட்டிக் காலுறை போடணும். இப்பவே வாங்கி வீட்டைச் சுத்தி நடக்கச் சொல்லுங்க. காலையிலே போடறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு.